கால்டுவெல் அத்தியட்சரும் ஆலய மணியும்

மதுரையினின்று வடக்கே திண்டுக்கல்லை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் கொடைரோடு என்னும் நிலையம் ஒன்றுண்டு. அம்மையநாயக்கனூரை அடுத்த அந்நிலையத்தில் வண்டி நிற்பது சில நிமிஷங்களே. மேற்கே பழனிமலைத் தொடர் நீலநிறமாய் நெடிது தோன்றும். கோடை விடுமுறையில் மலைமேற் செல்வோர் இங்கே இறங்குவர். மற்றையோர் சன்னல் வழியே மலையைப் பார்த்து மகிழ்ந்து தம் வழியே போவர். நம் கலாசாலை மாணவரிற் பலர் எத்தனையோ முறை இவ்விடத்தைக் கடந்திருப்பர். ஆயினும், தமிழுலகம் என்றும் நினைவிற்கொள்ளத்தக்க பெரியார் ஒருவரது வாழ்க்கையின் முடிவோடு இந்நிலையத்துக்குத் தொடர்புண்டென்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரேயாவர்.

1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் நாள் கொடைக்கானலில் ராபர்ட் கால்டுவெல் அத்தியட்சர் தமது எழுபத்தேழாம் வயதில் உயிர்நீத்தார். அவரது உடல் மலையிலே அடக்கஞ் செய்யப்படவில்லை. தெற்கே வெகுதூரத்திலுள்ள இடையன்குடிக்குக் கொண்டுபோகப்பட்டது. அக்காலத்தில் இன்றுள்ள மலைச்சாலை ஏற்படவில்லை. மலையினின்று இறங்குவோர் டோலியிலேனும் குதிரைமீதேனும் கால்நடையாகவேனும் ஒற்றையடிப் பாதை வழியே அடிவாரஞ் சேர்ந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் அம்மையநாயக்கனூர் நிலையத்துக்கு வந்து ரயிலேறுவதே வழக்கம். மலைக்கும் தென்னாட்டுக்கும் இடைவாயிலாய் அன்று விளங்கியது இக்கொடைரோடே.

இறந்தோர் உடலை இறந்த இடத்திலே அடக்குவதன்றோ எளிது? கொடைக்கானலிலும் ஆலயமுண்டு, அங்கே புனித பேதுருவின் பெயரால் விளங்கும் ஆலயம் எழும்புவதற்கு முயன்றவருள் அவரும் ஒருவர். அங்ஙனமிருக்க, மலையினின்று இறக்கி, நெடுந்தூரங் கடத்தி, பனங்காட்டின் நடுவே ஓர் ஆலயத்தின் பலிபீடத்தின் கீழே அவரை வைக்க வேண்டியதென்னை? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கால்டுவெல் ஐயரைத் தமிழறிஞர் அனைவரும் அறிவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் துளுவும் பிறவும் ஒரு குடும்பத்து மொழிகள் என்பதையும், அவை சமஸ்கிருதத்தினின்று பிறந்தவையல்ல என்பதையும் விரிவான சான்றுகளால் நிறுவிய ஒப்பிலக்கணத்தை அவர் 1856-ல் வெளியிட்டார். அதன் திருத்திய பதிப்பு 1875-ல் வெளிவந்தது. திருநெல்வேலிச் சரித்திரத்தை 1881-ல் எழுதினார். 1968-ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எடுக்கப்பட்டது. இவையெல்லாம் பாடநூல்களிலும் உள்ளன. ஆனால் அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சேவித்த இடையன்குடிச் சபையைப்பற்றியும், அங்கே அவர் நாள்தோறும் கைக்கொண்ட ஆலய வழக்கத்தைப்பற்றியும் பேசுவோர் குறைவு. அவரது கல்வி என்னும் பெருமரத்துக்கு நீர் பாய்ந்த வாய்க்கால் அதுவென்பது நமது கருத்து.

அவர் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்து தேசத்தில் ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இளமையில் டப்ளின் நகரில் ஓவியக்கலை பயின்றார். பின்னர் கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் கற்று, லண்டன் மிஷன் சங்கத்தாரால் அனுப்பப்பட்டு இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவர் ஏறிவந்த கப்பல் வழியில் பிரெஞ்சுக் கப்பலொன்றோடு மோதியது. அப்பிரெஞ்சுக் கப்பலில் இருந்தோர் பலர் மாண்டனர். தப்பிய கப்பலில் தெலுங்கறிஞர் சி. பி. பிரவுன் உடன் பிரயாணஞ் செய்தார்; அவரோடு பழகியதால் இந்திய மொழிகளில் கால்டுவெலுக்கு முதற்பயிற்சி உண்டாயிற்று. 1838-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8-ஆம் நாள் அவர் சென்னைத் துறையில் இறங்கினார். தம் கண்முன்னே பிறர் மாள, தாம் கரையேறிய ஒருவரது உள்ளத்தில் நன்றி எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

சென்னையில் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் கற்றபின், தென்னாட்டுக்குச் செல்லத் துணிந்தார். 1841-ல் சென்னையினின்று புறப்பட்டுப் பெரும்பாலும் கால்நடையாகவே தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களைக் கண்டு நீலகிரிக்கு ஏறினார். அங்கே உதகமண்டலத்தில் ஆங்கிலத் திருச்சபையின் குருப்பட்டம் பெற்று, கோயம்புத்தூர், மதுரை வழியாகத் தெற்கே நடந்து, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடி சேர்ந்தார். பல்லக்கும் குதிரையும் வெள்ளையருக்கு இயல்பாயிருந்த அந்நாளில் ஜனங்களோடு ஜனமாக நடந்து நாட்டையும் மொழியையும் அறிய விரும்பிய அவரது மனப்பான்மை போற்றத்தக்கது.

இடையன்குடி கடற்கரைக்கு அண்மையிலுள்ள சிற்றூர். செம்மணல் தேரியும் பனைமரமுமே அந்நிலத்தின் தோற்றம். ஆற்றுப்பாசனமில்லை. ஜனங்கள் பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்தனர். கால்டுவெல் ஐயர் தெருக்களை ஒழுங்குபடுத்தி, கிணறு வெட்டுவித்து, மரங்கள் நட்டுவித்து, பள்ளிக்கூடங்கள் நிறுவினார். 1844-ல் நாகர்கோவில் மிஷனெரியாகிய மால்ட் ஐயரின் குமாரத்தி எலைசா அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் சிறுவயது முதலே தமிழறிந்தவர். பெண்பிள்ளைகளுக்குப் போர்டிங் பள்ளி நடத்தியும், லேஸ் பின்னும் தொழிலைக் கற்பித்தும் அவ்வூர்ப் பெண்களின் நிலையை உயர்த்தினார்.

இனி ஆலய வழக்கத்தைக் கூறுவாம். அக்காலத் திருநெல்வேலிச் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை மாத்திரமே ஆராதனை என்பதில்லை. காலையும் மாலையும் மணியடிக்கும். சிற்றூர்களிலும் உபதேசியார் ஜெபம் நடத்துவார், வேதபாகம் வாசிக்கப்படும். பிரசங்கஞ் செய்வோர் இடையிடையே வினாக்கள் கேட்பர். சபையார் சேர்ந்து விடையளிப்பர். எழுதத் தெரிந்தோர் பனையோலையும் எழுத்தாணியுங் கொண்டுவந்து பிரசங்கத்தின் சாரத்தைக் கீறிக்கொள்வதும் உண்டு. எந்தப் பனையில் தகப்பன் ஏறினானோ, அந்தப் பனையின் ஓலையிலே மகன் தேவவசனத்தை எழுதினான். எழுத்தறியாத குலத்தில் எழுத்து புகுந்ததற்கு இவ்வாலயங்களும் அவற்றை அடுத்த பள்ளிகளும் பெருங்காரணமாயின.

பனையேற்றத்தின் இயல்பை அறிந்தாலன்றி அம்மாலை ஜெபத்தின் பொருள் நமக்கு விளங்காது. பருவகாலத்தில் பனையேறி விடியுமுன் எழுவான். காலில் தளைநாரிட்டு, இடையில் பாளையரிவாளுங் கலயமுங் கட்டி, ஒரு நாளில் பல மரங்களில் ஏறியிறங்குவான். காலையில் ஏறிய மரத்தையே மாலையிலும் ஏறுவான். மரமோ கிளையற்றது, பிடி தவறினால் தாங்குவாரில்லை. மழைக்காலத்தில் வழுக்கும், காற்றில் ஆடும். காலையில் வீட்டைவிட்டுப் போனவன் மாலையில் திரும்புவான் என்பதற்கு உறுதி யாது? அந்தியில் மணியோசை கேட்டு ஆலயத்தில் வந்து உட்கார்ந்த ஒவ்வொருவனும் அன்று மரத்தினின்று விழாமல் இறங்கி வந்தவனாவான். அவன் பக்கத்திலிருந்த மனைவி, பகலெல்லாம் அடுப்பண்டை பதநீர் காய்ச்சியபடி அவன் வரவை எதிர்நோக்கியிருந்தவள். அவர்கள் ஸ்தோத்திரஞ் சொல்வதற்குக் காரணந் தேடவேண்டியதில்லை. காரணம் அவர்கள் அருகிலேயே அமர்ந்திருந்தது. யாரேனும் ஒருவர் வாராதிருந்தால் சபையார் அன்றிரவே அவர் வீட்டுக்குச் சென்று நோயோ துன்பமோ என்று விசாரிக்கவும் அக்கூட்டம் வழிசெய்தது.

பனைத்தொழிலில் மற்றொரு நுட்பமுண்டு. பாளையை நாள்தோறும் சிறிது சீவவேண்டும். சீவாதுவிட்டால் வெட்டுவாய் காய்ந்து பதநீர் ஊறுவது நின்றுபோம். ஒரே நாளில் ஆழமாக வெட்டி ஒரு மாதத்துப் பதநீரைப் பெறுவோமென்று எண்ணுகிறவன் பாளையையே கெடுப்பான். நன்றியறிதலும் இத்தகையதென்று நாம் கருதுகிறோம். ஆண்டுக்கொருமுறை பண்டிகையில் உள்ளம் உருகுவதால் மட்டும் அது நிலைபெறாது. நாள்தோறும் சிறிது சீவப்படும் உள்ளத்திலேயே அது ஊறும். இடையன்குடிச் சபையார் இவ்வுண்மையைத் தம் கைத்தொழிலிலேயே கண்டவர்கள்.

அங்ஙனம் ஊறிய நன்றி காணிக்கையாயும் வெளிப்பட்டது. தென் ஜில்லாச் சபைகளில் பெண்கள் உலையிலிடும் அரிசியினின்று ஒரு பிடி எடுத்துத் தனியே சேர்த்துவைத்து ஆலயத்துக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை பெயர்பெற்றது. அறுவடைக் காலத்தில் முதற்பலன் படைப்பதும், ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊரார் எல்லாரும் ஒன்றாயிருந்து உண்ணும் அசனமும் அந்நாட்டில் வேரூன்றிய வழக்கங்கள். ஒரு பிடி அரிசி சிறிதுதான்; ஆயினும் உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் இவ்வேளைக்கும் உணவு கிடைத்ததே என்று நினைப்பூட்டும் ஆசிரியன் அதுவே.

இனி இடையன்குடித் திரித்துவ ஆலயத்தின் வரலாற்றைக் காண்போம். அதன் வேலை 1847-ல் தொடங்கப்பட்டது. பிரதிஷ்டை நடந்தது 1880-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் நாள். இடையே கழிந்தவை முப்பத்துமூன்று ஆண்டுகள்! அடிக்கல்லைக் கண்ட குழந்தைகள் பிரதிஷ்டையன்று தம் பிள்ளைகளோடு வந்து நின்றனர் என்றால் அது மிகையாகாது. கூர்வளைவுச் சிற்பமுறை அவ்வூர்க் கொத்தருக்குப் புதிது. இளமையில் ஓவியம் பயின்ற கால்டுவெல் ஐயர் தாமே களிமண்ணால் சன்னல் வளைவுகளுக்கு மாதிரிகள் செய்து காட்டி அவர்களைப் பழக்கினார் என்பர். டப்ளின் நகரில் கற்ற கலை, இனி வேண்டாமென்று விடப்பட்டதுபோற் காணப்பட்ட கலை, தேரிக்காட்டில் பயன்பட்டது. ஆலயம் முற்றுப்பெறும்வரை ஆராதனை காத்திருக்கவில்லை. சுவர் வளர்ந்தாலும் நின்றாலும் மணி நாள்தோறும் அடித்தது, ஜனங்கள் கூடினர். கட்டடம் மெல்ல எழும்பியது. சபையோ நாள்தோறும் கூடிக்கூடி முன்னமே கட்டப்பட்டிருந்தது.

கால்டுவெல் ஐயர் தம் மொழியறிவையும் ஆலயத்துக்கே முதலில் அளித்தார். ஆராதனைக்குரிய ஜெபபுத்தகத்தின் தமிழைத் திருத்தும் பணியிலும், பவர் ஐயர் முதலியோரோடு தமிழ் வேதாகமத்தைத் திருத்தும் பணியிலும் ஈடுபட்டார். நற்கருணைத் தியான மாலை என்னும் நூலைத் தமிழில் 1853-ல் வெளியிட்டார். ஒப்பிலக்கணம் எழுதிய அதே கை, எழுத்தறியாப் பனையேறியின் வாயிலும் தடையின்றி வழங்கவேண்டிய ஜெபவாக்கியங்களைச் செப்பனிட்டது. நாள்தோறும் ஜனங்களின் பேச்சைக் காதாரக் கேட்டவருக்கன்றோ அவர்கள் மொழியின் வேரைத் தேடும் ஆவலும் உண்டாகும்!

பெரியோர் வாழ்க்கையை எழுதுங்கால் குறையை மறைப்பது முறையன்று. 1849-ல் அவர் தம் சபையாரிற் பெரும்பாலோராகிய நாடார் சமூகத்தாரைப்பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். மேல்நாட்டாரின் உதவியை நாடி எழுதப்பட்ட அந்நூலில் அச்சமூகத்தாரின் மதிப்பைக் குறைக்கும் கூற்றுகள் பல இருந்தன. அச்சமூகத்தார் கல்வியில் ஓங்கியபின் அந்நூலைத் தாமே படித்தனர்; மனம் புண்பட்டனர்; கடுங்கண்டனங்கள் எழுதினர்; விண்ணப்பங்கள் அனுப்பினர். அந்நூல் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. அவர் நிறுவிய பள்ளிகள் தந்த எழுத்தறிவே அவர் பிழையைச் சுட்டிக்காட்டவும் கருவியாயிற்று. இது கல்வியின் வெற்றியேயன்றித் தோல்வியன்று.

இதை நாம் இங்கே எடுத்துக் கூறுவதற்குக் காரணமுண்டு. நம்மைப் புண்படுத்தியவரும் நம்மாற் புண்பட்டவரும் அமரும் இடம் ஆலயம். வேறிடங்களில் வேண்டாதவரைக் கண்டால் வழிமாறிப் போகலாம். ஒரே ஆலயத்தில் நாள்தோறும் கூடுவோர் அங்ஙனஞ் செய்யலாகாது. பாவவறிக்கையை எல்லாரும் ஒரே குரலில் சொல்லவேண்டும், குருவும் சொல்லவேண்டும். பல மொழிகளை அறிந்த அத்தியட்சரும் அதே வார்த்தைகளால் மன்னிப்பு வேண்டினார், பனையேறியும் வேண்டினான். மனவருத்தம் ஒரு நாளில் தீராது. அது ஆறுவதற்கு வேண்டிய காலத்தையும் இடத்தையும் அளிப்பது ஆலயமே. மனவருத்தங்களுக்கு இடையிலும் அவர் பலிபீடத்தின் கீழே இடம்பெற்றதை நினைக்குமிடத்து, நாள்தோறுங் கூடியதன் பயன் எத்துணைப் பெரிதென்பது புலப்படும்.

1877-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் கல்கத்தாவில் கால்டுவெல் ஐயருக்கும் சார்ஜெண்ட் ஐயருக்கும் அத்தியட்சர் பட்டம் அளிக்கப்பட்டது. பட்டத்தின் மகிழ்ச்சி அடங்குமுன்னே பெரும்பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. தொடர்ந்து பிணியும் பரவியது. அத்தியட்சர் பஞ்ச நிவாரணத்தில் முழுமூச்சாய் ஈடுபட்டார். அக்காலத்தில் திரளான மக்கள் திருச்சபையிற் சேர்ந்தனர். பஞ்சத்துக்குப்பின் மூன்றாண்டுகள் செல்லுமுன் இடையன்குடி ஆலயம் பிரதிஷ்டையாயிற்று என்பதை நாம் கவனிக்கவேண்டும். நெல் விளையாத ஆண்டுகளைக் கண்ட கண்கள் அன்று கோபுரத்தைக் கண்டன. வளமான காலத்து நன்றியினும் பஞ்சங் கடந்தோர் செலுத்தும் நன்றிக்கு ஆழம் மிகுதி.

1883-ல் அத்தியட்சர் தூத்துக்குடிக்குச் சென்று கல்விப்பணியை வளர்த்தார். உடல்நலங் குன்றவே, 1891-ன் தொடக்கத்தில் பதவியினின்று விலகிக் கொடைக்கானலில் தங்கினார். மலையின் குளிர்ச்சி அவர் உடலுக்கு இதமளித்திருக்கலாம். ஆயினும் அவர் வாழ்க்கையின் வேர் தேரிமணலில் இருந்தது. ஆகஸ்டு மாதத்தில் அவர் காலமானபின் உடல் மலையிறங்கித் தென்றிசை சென்றது. ஐம்பதாண்டுகளுக்கு முன் நீலகிரியினின்று இறங்கி இடையன்குடிக்கு நடந்துசென்ற இளங்குரு, பழனிமலையினின்று மீண்டும் இறங்கி அதே ஊரை அடைந்தார். தாம் களிமண் மாதிரி செய்து எழுப்பிய ஆலயத்தின் பலிபீடத்தின் கீழே துயில் கொண்டார். அவரைத் தம் ஊரில் வைத்துக்கொள்ள விரும்பிய ஜனங்களின் நன்றியே அந்நெடும்பயணத்துக்குக் காரணம். நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இதுவே விடை.

நிற்க, மாணவ நண்பர்களே! நமது கலாசாலையிலும் ஆலயமுண்டு, மணியுமுண்டு. ஒவ்வொரு நாளும் அதே இருக்கை, அதே ஜெபம், அதே முகங்கள்; இதனாற் பயன் யாது என்று நம்முட் சிலர் நினைப்பதுண்டு. அவ்வெண்ணம் எமக்கும் மாணவப் பருவத்தில் வந்ததுண்டு. பரீட்சை நெருங்கிய நாட்களில் அரைமணி நேரம் வீணாகிறதே என்று கணக்கிட்டதுமுண்டு. பின்னர் வீட்டில் துன்பம் நேர்ந்த ஒரு காலையில், பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த தோழன், கேள்வி ஒன்றுங் கேளாமல் தன் பாட்டுப் புத்தகத்தை எமக்கும் சேர்த்துப் பிடித்தான். அன்று கேட்ட பிரசங்கம் மறந்துபோயிற்று. அவன் கை நினைவிலிருக்கிறது. நாள்தோறும் எம்மருகே அமர்ந்தவனாதலால், எமது முகம் வேறுபட்டதை அவன் அறிந்தான். அந்த ஒரு காலைக்காகவே முந்திய காலைகளெல்லாம் தேவைப்பட்டன என்று இப்போது உணர்கிறோம்.

நாம் பனையேறுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு மாலையும் ஏதோ ஒரு மரத்தினின்று விழாமல் இறங்கி வந்தவர்களே. சாலையைக் கடந்து வந்தோம், நோயினின்று எழுந்தோம், நமக்காக வீட்டிலே காத்திருப்போர் ஒருவரேனும் உண்டு. இவற்றை எண்ணுவதற்கு நாளிற் சில நிமிஷங்களை ஒதுக்குவதும், அவ்வெண்ணத்தைத் தனித்திராமல் பிறரோடு கூடிச் சொல்வதும், பக்கத்தில் வெறுமையாயிருக்கும் இருக்கை யாருடையது என்று விசாரிப்பதும் நம்மால் இயலாத காரியங்களல்ல.

அடுத்த விடுமுறையில் கொடைரோடு நிலையத்தில் வண்டி நிற்கும்போது நம் மாணவர் மேற்கே மலையை ஒருமுறை நோக்குவாராக. அதன் உச்சியில் முடிந்த ஒரு வாழ்க்கை இவ்வழியாகத் தன் ஆலயத்தை நாடித் திரும்பியதென்பதை நினைப்பாராக. ஊர் திரும்பியபின், மணியடிக்குங் காலை, நேற்று அமர்ந்த இருக்கையிலேயே இன்றும் வந்து அமர்வாராக.